கிளி கடிந்த குரல்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில், மல்லாட்டை விதைத்த கொல்லையொன்றில், கைகளை அகல விரித்து ‘ஓ... ஓய்’ என்று குரலெழுப்பிய மூதாட்டி ஒருவரைக் கண்டேன். விதையைக் கிளற வந்த காக்கைகள் எழுந்து பறந்தன. கல்லுமில்லை, கவணுமில்லை. குரலும் உடலசைவுமே அவருடைய கருவிகள்.

இத்தொழிலுக்குச் சங்கநூல்கள் தரும் பெயர் ‘கடிதல்’. அதனை நுட்பமாகப் பாடியவர் கபிலர். நம் பகுதிக்கு அவர் அயலார் அல்லர். திருக்கோவலூர் வீரட்டானத்துக் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு, அவர் தீப்புகுந்த ‘கபிலக்கல்’லைக் குறிக்கின்றது. அவரது குறிஞ்சிப்பாட்டில் தாய் தன் மகளைத் தினைப்புனங் காக்க அனுப்புகிறாள். அவளும் தோழியும் பரண்மீதேறி, தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டுகின்றனர். மூங்கிலைப் பலவாகப் பிளந்து தட்டி ஓசையெழுப்புவதே தட்டை.

ஆனால் ஓசை எப்போதும் வென்றதா? குறுந்தொகையின் 291-ஆம் பாடலில் கபிலரே இல்லையென்கிறார். குளிரின் ஓசை இனிதாக இருந்தமையால், அதை அவள் தம்மை அழைக்கும் குரலென்றெண்ணிக் கிளிகள் புனத்தைவிட்டு எழவில்லையாம்! அகநானூற்றின் 102-ஆம் பாடலிலோ, காவலன் கள்ளுண்டு களித்திருக்க, பரணிலிருந்த பெண் கூந்தலைக் கோதியவாறு குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த களிறு கதிரையும் உண்ணாமல், நின்ற இடத்தினின்றும் பெயராமல் உறங்கிவிடுகிறது. விரட்டவேண்டிய குரல் தாலாட்டாயிற்று.

விவிலியமும் இதை அறியும். பலிப்பொருள்கள்மேல் இறங்கிய பறவைகளை ஆபிராம் தாமே விரட்டினார் (தொநூ 15:11). ஆயர் பலர் திரண்டு கத்தினாலும் சிங்கம் அஞ்சாது என்கிறார் எசாயா (31:4). கூச்சலுக்கும் எல்லையுண்டு.

உடலின் மொழி இன்னும் நுட்பமானது. தெருநாய் குரைத்து வருகையில் வெறுங்கையோடு குனிந்தாலே போதும், அது பின்வாங்கும். கல்லடியின் நினைவு அதற்குண்டு. செஞ்சிக்கோட்டைக் குரங்குகளிடமோ உற்று நோக்குதலும் பல்காட்டிச் சிரித்தலும் ஆகா. நம் உற்றுநோக்கே அவற்றுக்குப் போரறிவிப்பு.

குரலின் இடத்தை இன்று சில கொல்லைகளில் மின்வேலி பிடித்துள்ளது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. இரண்டு குட்டிகள் அருகில் தவித்து நின்றன. ஒரே இரவில் விளைச்சலை இழக்கும் உழவனின் துயரை நான் எளிதாகக் கருதவில்லை. ஆயினும் விரட்டுவோன் விலங்குக்கு ஓட வழிவிடுகிறான்; மின்கம்பி விடுவதில்லை.

அன்று அம்மூதாட்டியிடம், “தொண்டை வலிக்கலியா பாட்டி?” என்றேன்.

“வலி கெடக்குது சாமி. காக்காவுக்கு என் கொரலு பழகிப்போச்சு. நாளைக்குப் பேரனத்தான் கூட்டியாரணும்” என்றவர், மீண்டும் கைகளை விரித்தார்.