கச்சிக் கோயில்களில் தலப்பழமையும் தளிப்பழமையும்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய கச்சிப்பதிக்குச் செல்வோர் பெரும்பாலும் ஏகாம்பரநாதர், காமாட்சியம்மை, வரதராசப் பெருமாள் ஆகிய மூன்று திருக்கோயில்களையும் வணங்கி மீள்வர். பொழுது எஞ்சினால் நகரின் மேற்கே ஒதுங்கி நிற்கும் கைலாசநாதர் கோயிலையும் காண்பர். இவ்வழக்கத்தில் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் கோயில்களின் காலத்தை ஆராயப் புகுவோர்க்கு இங்கு ஒரு முரண் புலப்படும். மக்கள் திரளும் பழம்பதிகளில் நாம் காணும் கட்டடப் பகுதிகள் பெரும்பாலும் பிற்காலத்தன; பல்லவர் பணியைப் பேரளவில் காத்து நிற்கும் கற்றளிகளோ கூட்டம் குறைந்தவை. இம்முரணுக்குக் காரணம் யாது, அதனின்று ஆராய்ச்சியாளர் கொள்ளத்தக்க நெறி யாது என்பவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தலத்தின் தொன்மையைத் தலப்பழமை என்றும், அங்கு நிற்கும் கட்டடத்தின் தொன்மையைத் தளிப்பழமை என்றும் ஈண்டுக் குறிப்போம்.

இலக்கியம் காட்டும் தலப்பழமை

கச்சியின் தலப்பழமைக்குச் சங்க இலக்கியமே சான்று. தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் திருவெஃகாவில் பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலைக் குறிக்கின்றார். கி. பி. ஏழாம் நூற்றாண்டில் இந்நகரைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளோடு ஏறத்தாழ 80 தேவர் கோயில்களும் இங்கு இருந்தன என்பர். திருவேகம்பத்தைத் தேவார மூவரும் பாடினர். கச்சிமேற்றளி, ஓணகாந்தன்தளி, அனேகதங்காவதம், நெறிக்காரைக்காடு என்பனவும் பாடல் பெற்ற தலங்களே. திருவெஃகா, அத்தியூர், ஊரகம், பாடகம் முதலியன ஆழ்வார் பாடல்களில் இடம்பெற்றன. எனவே, பல்லவர் காலத்திலேயே கச்சி கோயில்கள் நிறைந்த நகராய்த் திகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. அவை எப்பொருளால் எடுக்கப்பட்டன என்பதே அடுத்து எழும் வினா.

செங்கல்லும் மரமும்

இவ்வினாவிற்கு விடை மண்டகப்பட்டில் உள்ளது. முதலாம் மகேந்திரவர்மன் அங்குக் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, பிரமன், ஈசுவரன், விட்டுணு ஆகிய மூவர்க்கும் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகியவையின்றி அக்கோயில் அமைக்கப்பெற்றது எனப் பெருமிதத்துடன் கூறுகின்றது. இவை இல்லாமல் கோயில் எடுத்தமை வியத்தற்குரியதாயின், அதற்குமுன் இவற்றால் எடுத்தலே பெருவழக்கு என்பது தானே பெறப்படும். 'தளி' என்னும் பொதுச்சொல் இருக்கவும், 'கற்றளி' என அடைகொடுத்து வழங்கியமையும் இக்கருத்திற்கு அரண் செய்யும். அப்பரும் சம்பந்தரும் வணங்கிய கச்சிக் கோயில்களுட் பல செங்கல்லும் மரமும் கொண்டவை எனக் கொள்ளுதலே பொருத்தமுடையது.

செங்கல் தளி காலத்தால் அழியும் இயல்பினது. வழிபாடு அறாத இடத்தில் அதனை மக்கள் அழியவிடார், மீண்டும் எடுப்பர், எடுக்குந்தோறும் விரிப்பர். திருவேகம்பத்தில் இன்று வானளாவி நிற்கும் தெற்குக் கோபுரம் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணதேவராயர் எடுத்தது. அத்தியூர் வரதராசர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் மிகுதி. அங்குள்ள நூற்றுக்கால் மண்டபமோ விசயநகர காலத்துப் பணி. அத்திமரத்தாலான பழைய திருமேனி அக்கோயிலின் அனந்தசரசு என்னும் திருக்குளத்தில் நீருக்குள் வைக்கப்பெற்று, 40 ஆண்டுகட்கு ஒருமுறை வெளிக்கொணரப்படுகிறது. 1939, 1979, 2019 ஆகிய ஆண்டுகளில் மக்கள் அதனை வணங்கினர். இதுகொண்டு அத்திருமேனியின் காலத்தைத் துணிதல் கூடாது. ஆயினும், கல்லுக்கு முற்பட்ட மரத்தின் நினைவை வழிபாடே காத்து வருவதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆகவே, ஏகம்பத்தின் கட்டடம் பிற்காலத்தது என்பது அத்தலத்தின் பழமைக்கு இழுக்கன்று. இடையறாத வழிபாடே பழைய கட்டடத்தை மாற்றியது. புதுமையே ஈண்டுப் பழமைக்குச் சான்றாகின்றது எனலாம்.

இராசசிம்மன் கற்றளி

இதற்கு மறுதலையாக நிற்பது கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மன் எடுத்த இக்கற்றளி, அவன் பெயரால் இராசசிம்மேச்சுரம் எனப்பட்டது. அதன் திருச்சுற்றை ஒட்டி 58 சிறுகோயில்கள் உள்ளன. இருநூற்றுக்கு மேற்பட்ட அவன் விருதுப் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பெற்றுள்ளன. முன்புறத்துள்ள மகேந்திரவர்மேச்சுரம் அவன் மகன் எடுத்தது. வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் கச்சியை வென்றபோது, இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் கவராது இறைவனுக்கே விட்டான் என்பதை இங்குள்ள கன்னடக் கல்வெட்டு உரைக்கின்றது.

கருவறையைச் சூழ்ந்த வடமொழிக் கல்வெட்டு, கலியுகத்தில் இவ்வரசன் உருவிலா வான்குரலைக் கேட்டான் என்கிறது. பெரியபுராணமோ, காடவர் கோமான் கச்சியில் கற்றளி எடுத்தபோது இறைவன் அவன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசலார் மனத்தால் எடுத்த கோயிலின் சிறப்பை உணர்த்தினான் என்று கூறும். இவ்விரண்டையும் அறிஞர் சிலர் இணைத்துக் காண்பர். கல்வெட்டுக் கூறும் குரலும் புராணம் கூறும் கனவும் ஒன்றே எனத் துணிதற்கு இடமில்லை. ஆனால், கற்றளி எடுத்த பல்லவன் ஒருவன் தெய்வ வாக்குக் கேட்டான் என்னும் செய்தி சேக்கிழார் காலம்வரை வழங்கியிருத்தல் கூடும்.

அத்தகைய பெருங்கோயில் பாடல் பெற்ற தலங்களுள் வைத்து எண்ணப்படுவதில்லை. அடியார் திரள் வேறிடம் சென்றமையின், அதனை விரித்துப் புதுக்கவேண்டிய தேவையும் மிகுதியாக எழவில்லை. மென்மையான மணற்கல்லாலாயினும் பல்லவர் உருவம் பெரும்பாலும் நிலைத்ததற்கு இதுவே தலையாய காரணமாதல் வேண்டும்.

பாடல் பெறாமையே கட்டடத்தைக் காத்தது எனின், வைகுந்தப் பெருமாள் கோயில் அதனை மறுக்குமே என வினவலாம். பரமேச்சுர விண்ணகரம் எனத் திருமங்கையாழ்வார் பாடிய அக்கோயில் நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தது. அதன் திருச்சுற்றுச் சுவரிலுள்ள பல்லவர் வரலாற்றுச் சிற்பங்களை டாக்டர் மீனாட்சி ஆராய்ந்து எழுதிய நூல் 1941இல் வெளிவந்தது. இங்கு ஆழ்வார் பாடியது கல்லால் எடுக்கப்பெற்ற கோயிலையே. செங்கல் தளியைப் புதுக்கிய காரணம் இதற்குப் பொருந்தாது. ஆதலின் தலப்பழமையும் தளிப்பழமையும் இங்கு ஒன்றுபட்டு நிற்கின்றன.

கொள்ளத்தக்க நெறி

மேற்கூறியவற்றால் இரண்டு முடிவுகள் பெறப்படும். பாடல் பெற்றமை கொண்டு இன்றுள்ள கட்டடத்தின் காலத்தைக் கணித்தல் தவறு; பழங்கட்டடம் இன்மை கொண்டு தலத்தின் தொன்மையை மறுத்தலும் தவறு. முன்னதற்கு இலக்கியமும், பின்னதற்குக் கல்லும் மட்டுமே துணை எனக் கொண்டோர் இவ்விரு பிழைகளுக்கும் ஆளாவர்.

இஃது ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய செய்தியன்று. திருப்பணி இன்றும் நடைபெறுகின்றது, இனியும் நடைபெறும். புதுக்குவது மரபாயின், புதுக்குமுன் பதிவு செய்வதும் நம் மரபே. திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்டுமாறு ஆணையிட்ட முதலாம் இராசராசன், அங்கிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் செய்தான். அவை முதலாம் இராசேந்திரன் காலத்தில் புதுக்கல்லில் மீண்டும் வெட்டப்பெற்றன. எழுத்துள்ள கல்லில் சுண்ணம் பூசுவோரும், மணல்வீச்சால் கல்லைத் துலக்குவோரும் இச்செய்தியை அறிதல் வேண்டும். கைலாசநாதர் கோயிலின் சிறுகோயில்களில் பல்லவர் ஓவியத் தடங்கள் 1931இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்ணிற்பட்டன. அதுவரை அவை அழியாதிருந்தமை நம் நற்பேறு; எல்லாச் சுவர்களுக்கும் அந்நற்பேறு வாய்க்கும் எனக் கருதியிருத்தல் ஆகாது.

கச்சியைக் காணச் செல்லும் மாணவர் ஏகம்பத்தை வணங்கியபின் இராசசிம்மேச்சுரத்தில் சிறிது பொழுது தங்குவாராக. முன்னதில் அழியாத வழிபாட்டையும், பின்னதில் அழியாத கல்லையும் காண்பர். இரண்டனையும் சேர்த்துக் கற்றால்தான் கச்சியின் வரலாறு முழுமை பெறும்.