பாலோ ஆல்ட்டோ பூங்கா மற்றும் பொழுதுபோக்கு ஆணையம்

பாலோ ஆல்ட்டோ பூங்கா மற்றும் பொழுதுபோக்கு ஆணையம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள பாலோ ஆல்ட்டோ நகரின் ஆலோசனை அமைப்புகளுள் ஒன்றாகும். பூங்காக்கள், திறந்தவெளி இயற்கை நிலங்கள், பொழுதுபோக்குச் சேவைகள் ஆகியவை குறித்து இது நகர மன்றத்துக்குப் பரிந்துரை செய்கிறது. நிதி ஒதுக்கவோ, சட்டம் இயற்றவோ, நகர ஊழியர்களுக்கு ஆணையிடவோ இதற்கு அதிகாரம் இல்லை. எனவே, எந்தப் பொருளை எப்போது ஆராய்வது என்பதை வகுக்கும் ஆண்டுப் பணித்திட்டம் இதன் செயற்பாட்டில் முதன்மையான இடம் பெறுகிறது.

அமைப்பு

ஆணையத்தில் 7 உறுப்பினர்கள் உள்ளனர். நகரவாசிகளிலிருந்து இவர்களை நகர மன்றம் நியமிக்கிறது. மன்ற உறுப்பினர்களும் நகர ஊழியர்களும் இதில் இடம்பெற இயலாது. வழமையான கூட்டம் மாதத்தின் நான்காம் செவ்வாய்க்கிழமை நடைபெறும்.

ஆண்டுப் பணித்திட்டம்

நகரின் எல்லா ஆலோசனைக் குழுக்களுக்கும் பொதுவான கையேடு ஒன்றை நகர மன்றம் 2020 இன் இறுதியில் ஏற்றுக்கொண்டது. இதன்படி ஒவ்வொரு குழுவும் தனது பணித்திட்டத்தை ஆண்டுதோறும் மன்றத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்க வேண்டும். திட்டத்தில் ஒவ்வொரு பணிக்கும் பின்வருவன குறிக்கப்படும்:

- பணியின் நோக்கமும் அதனால் விளையும் நன்மையும்
- கால அட்டவணை
- தேவைப்படும் ஊழியர் நேரமும் பிற வளங்களும்
- வெற்றியை அளவிடும் முறை
- அப்பணி சட்டத்தால் கட்டாயமானதா, மன்றம் பணித்ததா என்ற விவரம்

ஒப்புதல் பெற்ற திட்டத்தில் இல்லாத பணியை மேற்கொள்ள விரும்பினால், திருத்திய திட்டத்துக்கு மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். நகர மன்றம் 2017 இல் ஏற்றுக்கொண்ட பூங்கா, நடைபாதை, திறந்தவெளி, பொழுதுபோக்குப் பெருந்திட்டம் பணிகளைத் தெரிவு செய்வதற்கு நீண்டகால வழிகாட்டியாக உள்ளது.

சட்ட வரையறைகள்

1953 ஆம் ஆண்டின் பிரவுண் சட்டம் கலிபோர்னியாவின் உள்ளாட்சி அமைப்புகள் பொதுமக்கள் முன்னிலையில் கூட வேண்டும் என விதிக்கிறது. வழமையான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். நிரலில் இல்லாத பொருள் மீது பொதுவாக முடிவெடுக்க இயலாது. 4 உறுப்பினர்கள் தனியே கூடி ஆணையப் பணியை விவாதித்தால் அது பெரும்பான்மையினரின் கூட்டமாகிவிடும். ஆகையால் 3 பேருக்கு மேற்படாத தற்காலிகக் குழுக்கள் அமைக்கப்பட்டு, ஒவ்வொன்றிடமும் ஒரு பணி ஒப்படைக்கப்படுகிறது. குழு கண்டறிந்தவை பின்னர் பொதுக் கூட்டத்தில் விவாதிக்கப்படும்.

பூத்தில்சு பூங்கா

ஆலோசனை அதிகாரத்தின் பயனையும் எல்லையையும் பூத்தில்சு பூங்கா விவகாரம் காட்டுகிறது. சுமார் 1,400 ஏக்கர் (567 எக்டேர்) பரப்புள்ள இந்நிலத்தை நகரம் 1959 இல் வாங்கியது. அண்டை ஊர்கள் செலவைப் பகிர்ந்துகொள்ளவில்லை. 1965 இல் திறக்கப்பட்ட பூங்காவில், பொதுவாக நகரவாசிகளும் அவர்களுடன் வரும் விருந்தினரும் மட்டுமே அனுமதிக்கப்பட்டனர். மீறுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

வெளியூரார்க்கு நாளொன்றுக்கு 50 அனுமதிச் சீட்டுகள் வழங்கும் சோதனைத் திட்டத்தை ஆணையம் 2019 இல் பரிந்துரைத்தது. மன்றம் அதனை 2020 ஆகத்தில் நிபந்தனைகளுடன் ஏற்றது. ஆயினும் அடுத்த மாதமே, இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனக் கூறி, குடியுரிமை அமைப்புகளும் தனிநபர்களும் வழக்குத் தொடுத்தனர். சமரச உடன்பாட்டின்படி 2020 திசம்பர் 17 அன்று பூங்கா அனைவருக்கும் திறக்கப்பட்டது. 2021 இல் இதன் பெயர் பூத்தில்சு இயற்கைக் காப்பகம் என மாற்றப்பட்டது.

ஆணையம் முன்மொழிந்தது வரையறுக்கப்பட்ட சோதனையே. முழுமையான திறப்பு வழக்கின் விளைவாக வந்தது. எனினும் பல பத்தாண்டுப் பழமையான தடையை மன்றத்தின் முன் மீளாய்வுக்குக் கொண்டுவந்ததில் ஆணையத்தின் பரிந்துரைக்கு முக்கிய பங்குண்டு. திறப்புக்குப் பின் எழுந்த கூட்ட நெரிசல், வாகன நுழைவுக் கட்டணம், இயற்கைப் பாதுகாப்பு ஆகிய சிக்கல்களும் ஆணையத்தின் ஆய்வுக்கு வந்தன.