தள்ளுவண்டியில் வந்த மதிய உணவு

1943. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த பிரிட்டனில், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் வட்டாரத்துப் பெண்கள் சிலர் பழைய குழந்தைத் தள்ளுவண்டிகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவற்றில் சமைத்த உணவை வைத்தார்கள். சூடு ஆறாமல் இருக்க வைக்கோலையும் பழைய கம்பளித் தொப்பிகளையும் சுற்றிலும் அடைத்தார்கள். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். உலகின் பல நாடுகளில் இன்று நடக்கும் வீடு தேடி வரும் உணவுத் திட்டங்களுக்கு இது ஒரு தொடக்கம்.

இதைச் செய்தவர்கள் 'பெண்கள் தன்னார்வச் சேவை' என்ற அமைப்பின் உறுப்பினர்கள். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் இரண்டாம் மனைவி ஸ்டெல்லா ஐசக்ஸ், அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் 1938இல் அதைத் தொடங்கினார். குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காக்கும் வேலைக்குப் பெண்களைத் திரட்டுவதே முதல் நோக்கம். போர்க்காலத்தில் உறுப்பினர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. அங்கே மேல்பதவி, கீழ்ப்பதவி கிடையாது. சம்பளமும் கிடையாது. சீருடையைக்கூடச் சொந்தக் காசில்தான் வாங்க வேண்டும்.

போர் முடிந்தது. தள்ளுவண்டியின் இடத்துக்கு மோட்டார் வேன் வந்தது. சம்பளமில்லாத கைகள் மட்டும் மாறவில்லை. 1948இல் வந்த தேசிய உதவிச் சட்டத்தைப் படித்தபோது ஒரு பிரிவு என்னை நிறுத்தியது. முதியோருக்கு உணவு தரும் தன்னார்வ அமைப்புகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் நிதி கொடுக்கலாம். அந்த மன்றங்களே நேரடியாக உணவு வழங்கச் சட்டத்தில் இடமில்லை. 1962இல் திருத்தம் வரும்வரை, 14 ஆண்டுகள் இதுதான் நிலை. மக்கள்நல அரசு என்று உலகமே புகழ்ந்த ஓர் அரசு, தன் முதியவர்களின் மதியச் சோற்றைப் பெண்களின் ஓய்வு நேரத்திடம் ஒப்படைத்திருந்தது.

அந்தப் பெண்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தக் கிழவி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை, யார் வீட்டில் கணப்பு மூட்ட ஆளில்லை என்பது, வாசலில் போய் நிற்பவருக்குத்தான் தெரியும். ஆனால் பல ஊர்களில் அந்த உணவு வாரத்தில் சில நாட்கள்தான் வந்தது. மற்ற நாட்களில் யார் சமைத்தார்கள்? யார் குளிப்பாட்டினார்கள்? இரவில் யார் எழுந்தார்கள்?

அதற்கான பதில் 1963இல் பத்திரிகையில் வெளியான ஒரு கடிதத்தில் இருக்கிறது. எழுதியவர் மேரி வெப்ஸ்டர். கிறித்தவச் சபையொன்றின் போதகரான அவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள 1954இல் வேலையை விட்டவர். மணமாகாத மகள் என்றால் பெற்றோரைப் பார்ப்பது அவள் தலையில்தான் விழும். வருமானம் போகும், பின்னாளில் ஓய்வூதியமும் போகும் என்று அவர் எழுதினார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து பதில்கள் வந்து குவிந்தன. 1965இல் மணமாகாத பெண்களுக்கும் அவர்களைச் சார்ந்தோருக்குமான தேசிய மன்றம் உருவானது. அவர்கள் கேட்டது பாராட்டு அல்ல, பணம்.

1976இல் பராமரிப்பவருக்கான உதவித்தொகை வந்தது. வேலையை விட்டுவிட்டு, கடுமையாக உடல் நலிந்த உறவினரைப் பார்த்துக்கொள்பவருக்கு அரசு பணம் தரும். ஆண்கள் பெறலாம், மணமானவராக இருந்தாலும். மணமாகாத பெண்களும் பெறலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் கிடையாது. அவள் எப்படியும் வீட்டில்தானே இருப்பாள் என்பது அரசு சொன்ன காரணம்.

1980இல் ஜேனட் ஃபின்ச், டல்சி குரோவ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் கணக்கை உடைத்துக் காட்டினார்கள். 'சமூகப் பராமரிப்பு' என்று அரசு சொன்னால் அதற்குக் குடும்பம் என்று பொருள். குடும்பம் என்றால் பெண் என்று பொருள்.

ஜாக்குலின் டிரேக் அந்தப் பெண்களில் ஒருவர். 1984இல், கடுமையாக உடல் நலிந்த தன் தாயை வீட்டுக்கு அழைத்துவந்து, அவரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டார். உதவித்தொகை கேட்டார். மணமானவர் என்பதால் மறுத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. 1986 ஜூன் 24 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தோற்கப்போவதை உணர்ந்த பிரிட்டிஷ் அரசு, அதற்கு முந்தைய நாளே மணமான பெண்களுக்கும் தொகையை நீட்டிப்பதாக அறிவித்துவிட்டது. அவள் எப்படியும் வீட்டில்தான் இருப்பாள் என்ற வாதம் சட்டத்தில் பத்தாண்டுகள் நின்றது. அதை விலக்க ஒரு மகள் நாட்டு எல்லையைத் தாண்டிப் போய் நியாயம் கேட்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றைப் படித்தபின் 'முதியோருக்கு உதவத் தன்னார்வலர்கள் தேவை' என்ற அறிவிப்பை எங்கே பார்த்தாலும் எனக்குள் சில கேள்விகள் எழுகின்றன. தன்னார்வலர் வாரத்துக்கு எத்தனை நாள் வருவார்? மிச்ச நாட்களை யார் பார்க்கிறார்? அவருக்கு யார் என்ன தருகிறார்கள்? உதவப் போகிறவர்கள் கட்டாயம் போகட்டும். போகிற வீட்டில், முதியவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரட்டும்.