சட்டவிரோத வேலைநிறுத்தமும் பணிநீக்கமும்

ஆலையிலும் அலுவலகத்திலும் நிலையான வேலை பெற்ற நம் சமூகத்தார் பலரும் தத்தம் குடும்பத்தில் மாதச் சம்பளம் கண்ட முதல் தலைமுறையினரே ஆவர். அவ்வேலை போயின், தாங்கி நிற்க நிலபுலன் பெரும்பாலோர்க்கு இல்லை. ஆதலின் வேலைநிறுத்தம் என்பதை நாம் எளிதாக எண்ணிவிட இயலாது.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமிருந்ததில்லை. நூலை வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டியிருந்தமையால், தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் வாய்பட்ட நூலைத் தொட மற்றத் தொழிலாளர் மறுத்தனர். கூலி மிகுந்த பிரிவும் அதுவே! 1928-ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது டாக்டர் அம்பேத்கர் இக்கொடுமையைச் சங்கத் தலைவர்களிடம் எடுத்துரைத்தார். 1929-இல் மீண்டும் ஆலைகள் நின்றபோது அவ்வேலைநிறுத்தத்தை அவர் எதிர்த்தார்.

அவரே 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து நின்றார் என்பதை நம் இளைஞர் ஊன்றி நோக்க வேண்டும். சமரச நடவடிக்கை முடியுமுன் வேலையை நிறுத்துவோர்க்குச் சிறைத்தண்டனை என்றது அம்மசோதா. வேலையை நிறுத்துதல் ஒப்பந்த மீறலே. அதற்கு நட்ட ஈடு கோரலாம். அதனைக் குற்றமாக்கிச் சிறையிலடைப்பது, விருப்பமில்லாதவனைக் கட்டாயப்படுத்தி உழைக்க வைக்கும் அடிமைத்தனமே ஆகும் என்பது அவர் வாதம். பண்ணையாள் முறையை முன்னோர் வாயிலாக அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அவ்வாண்டு நவம்பர் 7-ஆம் நாள் அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, பொதுவுடைமையரோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. எனினும் மசோதா சட்டமாயிற்று.

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டமும் அவ்வழியே சென்றது. சட்டவிரோத வேலைநிறுத்தத்திற்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது ஐம்பது ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது. ஆனால், பங்கேற்றவன் அக்கணமே வேலையிழப்பான் என்று அச்சட்டம் யாண்டும் கூறவில்லை. இந்நுட்பத்தை அறியாமல், வாயிலில் ஒட்டிய அறிவிப்பைக் கண்டதும் கணக்கு முடித்துக்கொண்டு ஊர் திரும்பினோர் உண்டு. நிலையாணைகளின்படி அது ஒழுங்கீனமாகலாம். அவ்வாறாயின் குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் விசாரணையும் வேண்டும். அமைதியாக விலகி நின்றவனையும் வன்செயலில் இறங்கியவனையும் பிரித்தறிய வேண்டுமென 1959-இல் உச்ச நீதிமன்றம் உரைத்தது. 1979-இல் குஜராத் ஸ்டீல் ட்யூப்ஸ் வழக்கில், வேலைநிறுத்தம் சட்டவிரோதமேயாயினும் தனித்தனியே குற்றம் நிறுவாமல் எல்லோரையும் ஒருசேர நீக்கியது செல்லாதென நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

அரசு ஊழியர் நிலை வேறு. ஓய்வூதியச் சலுகைக் குறைப்பை எதிர்த்து 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 பேரைத் தமிழக அரசு அவசரச் சட்டத்தின் துணைகொண்டு விசாரணையின்றி நீக்கியது. வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு உரிமையே இல்லையென ஆகஸ்டு 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தவரை அரசு மீண்டும் சேர்த்துக்கொண்டது. கைதானோரும் முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறியோரும் அன்று உடனே சேர்க்கப்படவில்லை.