பின்வரிசையிலிருந்து மேடையின் நடுவே: பேஸ் கிட்டாரின் கதை



மேடையில் ஒரே ஒருவர். அவர் கையில் ஒரு பேஸ் கிட்டார். பாடகரும் இல்லை, பக்கவாத்தியமும் இல்லை. இத்தகைய தனிக் கச்சேரிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வாய்ப்பு அமைந்தால், "அதில் கேட்பதற்கு என்ன இருக்கப் போகிறது?" என்ற ஐயம் எழுவது இயல்பே. அக்கருவியின் வரலாற்றை அறிந்தால் அந்த ஐயம் நீங்கும்.

முற்காலத்தில் மேற்கத்திய இசைக்குழுக்களில் தாழ்ந்த சுரங்களை இசைத்தது, ஆள் உயரம் கொண்ட டபுள் பேஸ். அதனைச் சுமந்து செல்வது கடினம். மற்றக் கருவிகளின் பேரோசையில் அதன் ஒலி அமுங்கியும் போயிற்று. 1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின் பேஸ் ஒன்றை உருவாக்கினார். ஆயினும், 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்ற கருவியே உலகெங்கும் பரவியது. நான்கு கம்பிகள்; வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள். அதன் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வொலியைக் காதால் கேட்பதோடு நெஞ்சிலும் உணரலாம்.

பாடலைத் தாங்கும் அடித்தளமாக இருப்பதே இக்கருவியின் பணி. அடித்தளத்தை யார் கவனிக்கிறார்கள்? டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் நிறுவனத்திற்காக 1960களில் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஒற்றை ஆட்காட்டி விரலால் அவர் கம்பிகளை மீட்டினார். பாடல்களை உலகமே அறிந்தது. அவர் பெயரை அறிந்தோர் சிலரே. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' இசைத்தட்டில்தான் அவர் பெயர் அச்சேறியது. 1983இல் அவர் மறைந்தார். ராக் இசைப் பெருமன்றத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2000ஆம் ஆண்டில்.

இனி, தனிக் கச்சேரியில் எதிர்பார்க்க வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, கட்டைவிரல். கம்பியைக் கட்டைவிரலால் அறைந்தும் மற்ற விரலால் சுண்டியும் வாசிக்கும் முறையைப் பரவச் செய்தவர் லாரி கிரகாம். தம் தாயாரின் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லாததால், அந்த இடத்தை நிரப்பவே அவர் இவ்வாறு வாசிக்கத் தொடங்கினார். குறையிலிருந்து ஒரு கலை பிறந்தது!

இரண்டாவது, கண்ணாடி மணி போன்ற உயர்ந்த ஒலி. கம்பியை அழுத்தாமல் குறிப்பிட்ட இடங்களில் மெல்லத் தொட்டு மீட்டினால் இவ்வொலி எழும். 1976இல் வெளிவந்த தம் முதல் இசைத்தட்டில் ஜாக்கோ பஸ்டோரியஸ் இதனைக் கொண்டே 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேசி' என்ற முழுப் படைப்பை வாசித்தார். அவர் மெட்டுகள் நீக்கப்பட்ட பேஸையும் கையாண்டார். வீணைக்கும் கோட்டு வாத்தியத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தோர், அதன் வழுக்கும் ஒலியை எளிதில் உணர்வர். 1987இல், தம் 35ஆம் வயதில் அவர் காலமானார்.

மூன்றாவது, பலர் வாசிப்பது போன்ற தோற்றம். கலைஞர் ஒரு சிறு வரியை வாசித்து, காலடியிலுள்ள கருவியில் பதிவு செய்வார். அது திரும்பத் திரும்ப ஒலிக்க, அதன் மேல் அடுத்த வரியை வாசிப்பார். அக்கருவியின் துணையின்றியும் இது இயலும். 1996இல் விக்டர் வூட்டன் வெளியிட்ட 'எ ஷோ ஆஃப் ஹேண்ட்ஸ்' இசைத்தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிப்பதிவு செய்யாமல், ஒரே பேஸில் தாளம், அடிச்சுரம், மெட்டு மூன்றையும் இணைத்தார்.

ஆகவே, கலைஞரின் இரு கைகளும் தெரியும் இருக்கையைத் தேர்ந்தெடுங்கள். முதல் சில நிமிடங்கள் காது பழகும் வரை பொறுத்திருங்கள். "இந்த ஒலி எந்தக் கையிலிருந்து வந்தது?" என்று பிள்ளைகளைக் கண்டறியச் சொல்லுங்கள்.

அதற்கு முன், வீட்டிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். இளையராஜாவின் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, குரலை விடுத்து, அடியில் ஓடும் பேஸ் வரியை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். கண்டுபிடித்த பிள்ளை அடுத்துக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: "இதை வாசித்தவர் யார்?" ஜேமர்சனின் காலத்தில் அக்கேள்வியைக் கேட்டோர் மிகச் சிலரே. நம் பிள்ளைகளாவது கேட்கட்டும்.