வளைகோல் பந்தாட்டமும் நம் இளையோரும்: அணி வேரூன்றும் இடம் எது?



அண்மையில் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு வினா தொடுத்தேன். 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற உலகக் கிண்ண வளைகோல் பந்தாட்டத்தில், அதாவது ஹாக்கியில், மலேசிய அணிக்குத் தலைமை ஏற்றவர் யார்? வகுப்பு அமைதியாகிவிட்டது. ஐரோப்பியக் காற்பந்து வீரர்களின் சட்டை எண்களை மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் ஸ்ரீ சண்முகநாதன் என்ற பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார்கள். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. நாம் சொல்லவில்லை; அவர்கள் அறியவில்லை. ஆகவே, நம் நாட்டு ஹாக்கியின் வரலாற்றை, குறிப்பாக இளையோர் அணியின் வரலாற்றை, ஓரளவேனும் இப்பதிவில் எழுதிவைக்க விழைகிறேன்.

1975: ஒரு கோல் தொலைவில்

மலாயா 1956-ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கிலேயே ஹாக்கியில் களமிறங்கிய நாடு. ஆயினும் உலகம் நம்மைத் திரும்பிப் பார்த்தது 1975 மார்ச் மாதத்தில்தான். நடப்பு உலக வெற்றியாளராக வந்த நெதர்லாந்து நம் பிரிவில் இருந்தது. அதனைப் பின்னுக்குத் தள்ளி மலேசியா அரையிறுதிக்குள் நுழைந்தது. பூன் ஃபூக் லோக், வோங் சூன் ஹின், ஃபிராங்கோ டி குரூஸ், கைருதீன் சைனால் ஆகியோருடன் மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா, பழனிசாமி என்று தமிழ்ப்பெயர்களும் அவ்வணியில் நிறைந்திருந்தன. மூவினமும் தோளோடு தோள் நின்ற அணி அது.

இந்தியாவுக்கு எதிரான அரையிறுதி ஆட்டம் மின்சார வாரியத்தின் கிலாட் கழகத் திடலில் நடந்தது. 'கிலாட்' என்றால் மலாய் மொழியில் மின்னல். மலேசியா 2-1 என முன்னிலை வகித்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. அவ்வேளையில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய அஸ்லாம் ஷேர் கான் பெனால்டி கார்னர் வாய்ப்பில் பந்தை வலைக்குள் செலுத்தினார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்த கோலால் இந்தியா 3-2 என வென்றது. மார்ச் 15-ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் பாகிஸ்தானை 2-1 என வீழ்த்தி அது உலகக் கிண்ணத்தையும் கைப்பற்றியது. நமக்குக் கிடைத்தது நான்காம் இடம். உலகக் கிண்ணத்தில் நம் ஆடவர் அணி அதற்குமேல் உயர்ந்ததே இல்லை.

அந்த வீரர்கள் புல்தரையில் வளர்ந்தவர்கள் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பள்ளித் திடல், கழகத் திடல், காவல்துறைத் திடல் எல்லாமே புல்தான். மட்டையும் பந்தும் இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிவிடும்.

புல் போய் நெகிழி வந்தது

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1976-இல் கனடாவின் மொன்றியால் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி ஆடப்பட்டது. புல்தரை மன்னர்களாகிய இந்தியா ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. மலேசியா எட்டாம் இடம் பெற்றது.

செயற்கைத் தரையில் பந்து குதிக்காமல் சீராக ஓடும். ஆட்டத்தின் வேகம் கூடும். இவை நன்மைகளே. ஆனால் அத்தரையை அமைப்பதற்குப் பெரும்பொருள் தேவை. நீர் தெளித்துப் பேண வேண்டும். சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். எந்தப் பள்ளியால் இயலும்? எந்தத் தோட்டத்தால் இயலும்? அன்றுமுதல் உயர்நிலை ஹாக்கி பெருநகர அரங்குகளை நோக்கி நகர்ந்தது. திறமை எங்கும் பிறக்கலாம். அது முதிர்வதற்கான தரை மட்டும் சில இடங்களில்தான் என்றாகிவிட்டது.

இளையோர் அணியின் ஏற்றமும் இறக்கமும்

இருபத்தொரு வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணம் 1979-இல் பிரான்சின் வெர்சாய் நகரில் தொடங்கியது. பாகிஸ்தான் வாகை சூடியது. 1982-இல் அப்போட்டியைக் கோலாலம்பூரே ஏற்று நடத்தியது. மேற்கு ஜெர்மனி வென்றது. 2009-இல் ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும் இணைந்து நடத்தின. 2023-இல் மீண்டும் கோலாலம்பூர். ஆக, உலக இளையோரைப் பலமுறை வரவேற்ற நாடு நம்முடையது.

நம் இளையோரின் பொற்காலம் என்றால் 2012, 2013 ஆகிய ஈராண்டுகளையே சொல்வேன். 2012-இல் மலாக்காவில் நடந்த இளையோர் ஆசியக் கிண்ணத்தை மலேசியா வென்றது. பயிற்றுநர் தர்மராஜ் செதுக்கிய அதே அணி 2013 டிசம்பரில் புதுடெல்லியில் நடந்த உலகக் கிண்ணத்தில் அரையிறுதி வரை முன்னேறி, பிரான்சிடம் தோற்று, நான்காம் இடம் பெற்றது. போட்டியை நடத்திய இந்தியாவுக்கு அவ்வாண்டு பத்தாம் இடமே கிடைத்தது என்பதை எண்ணிப் பார்த்தால் நம் பிள்ளைகளின் சாதனை விளங்கும்.

அவ்வணியின் பயன் மூத்தோர் அணியிலும் தெரிந்தது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை வென்று மலேசியா வெள்ளிப் பதக்கம் பெற்றது. அந்நாளில் கோல் காத்தவர் நெடுங்காலம் நாட்டுக்கு ஆடிய குமார் சுப்பிரமணியம். எனினும் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்குப் பின் நம் ஆடவர் அணி ஒலிம்பிக் வாயிலைத் தாண்டவில்லை. ஒரு நல்ல தலைமுறை அவ்வப்போது தோன்றுகிறது. அடுத்த தலைமுறை உடன் தொடர்வதில்லை. ஏன்?

கனடாவின் சிற்றூர்கள் சொல்லும் பாடம்

இவ்வினாவுக்கு விடை தேடும்போது கனடா என் நினைவுக்கு வருகிறது. அங்கே ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கி. ஆட்டம் வேறு, ஆனால் இளையோரை வளர்க்கும் முறை நாம் கற்கத்தக்கது. பதினாறு முதல் இருபது வயது வரையிலான இளைஞர்கள் ஆடும் அணிகளுள் பல, தலைநகரங்களில் அல்ல, நடுத்தர ஊர்களில் வாழ்கின்றன. ஒன்டாரியோ மாநிலத்தின் பீட்டர்பரோ நகரை எடுத்துக்கொள்வோம். அங்கு 1956 முதல் 'பீட்ஸ்' என்னும் இளையோர் அணி இடம்பெயராமல் ஆடிவருகிறது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவாக 1919 முதல் வழங்கப்படும் நினைவுக் கிண்ணத்தை அவ்வணி 1979-இல் வென்றது.

வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டில் தங்கவைத்துச் சோறிட்டு வளர்க்கின்றன. பிள்ளைகள் பகலில் பள்ளிக்குச் செல்கிறார்கள், மாலையில் பயிற்சி. ஆட்டநாளில் ஊரே அரங்கில் கூடுகிறது. அதாவது, அணி ஊரின் பிள்ளை. ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் மாறுவர், ஊர் மாறுவதில்லை. அதனால்தான் அணியும் அழிவதில்லை.

கோவில்பட்டி காட்டும் வழி

"அது பணக்கார நாடு, ஐயா!" என்று நீங்கள் சொல்லலாம். சரி, தமிழ்நாட்டுக்கே வருவோம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டி, ஹாக்கிக்கும் பெயர்பெற்றது. இலட்சுமி அம்மாள் நினைவாக நடைபெறும் அனைத்திந்தியப் போட்டியில் நாட்டின் முன்னணி அணிகள் அவ்வூருக்கு வந்து ஆடுகின்றன. பின்னாளில் அங்கே செயற்கைத் தரையும் வந்தது. விளையாட்டு விடுதியும் வந்தது. அவ்வூரின் மாரீஸ்வரன் 2022 ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்கு ஆடினார். 2025-இல் இளையோர் உலகக் கிண்ணமே சென்னைக்கும் மதுரைக்கும் வந்தது. இருபத்து நான்கு நாடுகள் கலந்துகொண்டன; அவற்றுள் மலேசியாவும் ஒன்று. ஜெர்மனி வென்றது; இந்தியா வெண்கலம் பெற்றது.

கோவில்பட்டியில் ஆட்டத்தின்மீது ஊருக்கிருந்த பற்றுதான் முதலில் வந்தது. தரை பிறகுதான் வந்தது. இவ்வரிசை முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும்.

நம் ஊரின் நிலை

தெலுக் பங்லிமா காராங் என்பதன் பின்பாதிக்கு 'சீற்றமிகு தளபதி' என்று பொருள். கிள்ளானுக்கும் பந்திங்கிற்கும் இடையே, கேரித் தீவுக்குப் பாலம் பிரியும் இடத்தில் அமைந்த ஊர். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகிவிட்டன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கோயிலை எடுத்துச் சென்றோம். பள்ளியைக் காக்கப் போராடினோம். திடலை மட்டும் யாரும் எடுத்துச் செல்ல முடியவில்லை! 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530-க்கும் குறைவு. மூடப்பட்ட பள்ளிகளோடு அவற்றின் திடல்களும் மறைந்தன என்பதை நாம் கணக்கில் கொள்வதில்லை.

செயற்கைத் தரை இல்லாமல் தேசிய வீரரை உருவாக்க இயலாது என்பர். மெய்தான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் செயற்கைத் தரை தேவையில்லை. மட்டை பிடிக்கவும், பந்தை நிறுத்தவும், தோழனுக்குத் தட்டிக் கொடுக்கவும் பள்ளியின் சிமெந்துச் சபைகூடல் தளமே போதும். பத்து மட்டைகள், நான்கு பந்துகள், வாரம் இருமுறை மாலை நேரம், பொறுப்பேற்க ஓர் ஆசிரியர், துணைநிற்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கம். இவ்வளவே முதல் தேவை. பதின்மூன்று வயதில் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை மட்டையைப் பிடிக்கத் தெரிந்தவனாகச் சென்றால், அங்குள்ள பயிற்றுநரின் கண்ணில் படுவான். தெரியாதவனாகச் சென்றால் பார்வையாளர் வரிசையில்தான் நிற்பான்.

நம் சமூகம் தேர்வுப் புள்ளிகளை எண்ணுவதில் காட்டும் ஆர்வத்தில் ஒரு சிறு பங்கையேனும் இதற்குச் செலவிடலாகாதா? ஸ்ரீ சண்முகநாதன் கையில் ஏந்தியதும் ஒரு மரமட்டையே. யாரோ ஒருவர் அதை அவருக்குச் சிறுவயதில் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் பள்ளியிலோ தோட்டத்திலோ முன்பு ஹாக்கி ஆடியோர் இருப்பின், அவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் பெயர்களை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். பரணில் பழைய மட்டைகள் கிடந்தால் அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரு தமிழாசிரியன்.