வெண்குழம்பில் சிக்கிய ஒளி

1983. கலிபோர்னியாவில் புற ஊதா விளக்குகள் செய்யும் ஒரு நிறுவனம். மேசைகளுக்குப் பூசும் பிளாஸ்டிக் பூச்சை அந்த விளக்குகள் நொடியில் இறுக்கிவிடும். அங்கே வேலை பார்த்த சக் ஹல், அதே ஒளியைத் திரவ ரெசின்மேல் பாய்ச்சினார். ஓர் அடுக்கு இறுகியது. அதன்மேல் இன்னொன்று. பல தோல்விகளுக்குப் பிறகு, கண் கழுவும் சின்னக் கிண்ணம் ஒன்று கைக்கு வந்தது. ஆனால் அது வெறும் பிளாஸ்டிக். நெருப்பில் வைத்தால்?

பீங்கான் தூளை ரெசினில் கலந்துவிட்டால் போதாதா? மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மிஷெல் கிரிஃபித்தும் ஜான் ஹாலோரனும் அதைத்தான் செய்தார்கள். குழம்பில் ஏறக்குறைய பாதி தூளாக இருக்க வேண்டும். குறைந்தால் பண்டம் சூளையில் நொறுங்கிவிடும். அவ்வளவு தூளுக்குள் நுழைந்த ஒளியோ, பனிமூட்டத்தில் மாட்டிய முகப்பு விளக்குபோலச் சிதறியது. தூள்களில் சிலிக்கா வழிவிட்டது, அது ரெசின் அளவுக்கே ஒளியை வளைக்கும். அலுமினா முரண்டு பிடித்தது. சிலிக்கான் நைட்ரைடில் ஒளி மேல்தோலைத் தாண்டவே திணறியது. தூளும் ரெசினும் ஒளியை வளைக்கும் அளவில் உள்ள வேறுபாடே வில்லன் என்று கண்டுபிடித்து, 1996-ல் வழிமுறையை வெளியிட்டார்கள். ஒளியைச் சமாளித்தாயிற்று. சூளை காத்திருந்தது.

குழம்புத் தொட்டியிலிருந்து எடுத்த பண்டத்தில் தூளைப் பிடித்து வைத்திருப்பது பிளாஸ்டிக்தான். அது எரிந்து வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பிறக்கும் வாயு வழி தேடி, பண்டத்தை அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும். இந்தக் கதையில் என்னை அசத்துவது இந்த இடத்தில் காட்டப்பட்ட பொறுமைதான்: வெப்பத்தை இம்மியிம்மியாக, மணிக்கணக்கில், சில பண்டங்களுக்கு நாள்கணக்கில் ஏற்றினார்கள். பிறகுதான் 1,600 டிகிரி. துகள்கள் ஒட்டி, இடைவெளிகள் மூடி, நீள அகல உயரம் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதனால் கணினியில் முன்கூட்டியே பெரிதாக வரைந்தார்கள். இனி வேகமும் நுணுக்கமும்தான் பாக்கி. அதற்கான உதவி யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

1987-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸில் லாரி ஹார்ன்பெக் நுண்கண்ணாடிகள் பதித்த சில்லு ஒன்றை உருவாக்கியிருந்தார். சினிமா புரொஜெக்டருக்குள் புகழ்பெற்ற அந்தச் சில்லை வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் பீங்கான் குழம்பின் பக்கம் திருப்பினார்கள். தொட்டியின் அடியிலிருந்து ஒரே வீச்சில் முழு அடுக்கும் இறுகியது. 2011-ல் அங்கிருந்து ஜோஹன்னஸ் ஹோமாவும் ஜோஹன்னஸ் பெனடிக்டும் லித்தோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் முப்பரிமாண அச்சில் உருவான அலுமினா. அடர்த்தி 99 சதவீதத்துக்கும் மேல். வளைக்கும் தகைவை 400 மெகாபாஸ்கலுக்கு மேலும் தாங்கும். சுட்டபின் வைரக்கருவிதான் அதைச் செதுக்க முடியும். அந்தக் கருவியும் எட்டாத வளைந்த உட்குழாய்களோடுதான் அது சூளையிலிருந்து வெளிவருகிறது.